வாங்கிய நிலத்தில் முனியாண்டி

“சாமிமேல கேஸ் போட்டுக் காலி பண்ண வைக்க முடியுமா மச்சான்?”

லகாட் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் கேட்டார். வீடு கட்டி விற்கப் பழைய ரப்பர் தோட்ட நிலம் வாங்கியவராம்.

“நெலத்து கிராண்ட் பத்திரம் உன் பேருலதானே இருக்கு?”

“என் பேருதான். ஆனா நடுவுல முனியாண்டி நிக்கிறாரு.”

“வாங்குறப்ப வெறும் கல்லுதானே இருந்துச்சு?”

“ஆமாலா. சாமி கோவிச்சுக்கக் கூடாதுன்னு நான்தான் கூரை போட்டேன், வருசா வருசம் திருவிழா வச்சேன். இப்ப ஊரே வந்து கும்பிடுது. கோயில எடுக்கச் சொல்லி கமிட்டித் தலைவருக்கு நோட்டீஸ் அனுப்பணும்னு லாயர் சொல்றாரு.”

“அனுப்ப வேண்டியதுதானே?”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தலைவரே நான்தான்லா.”