முதல் கிளாரினெட்டின் நாற்காலி

பதவிப் பெயர்களை மொழிபெயர்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதல் வயலின், இரண்டாம் வயலின், பிரிவுத் தலைவர், தற்காலிக வாசிப்பாளர். ஹீப்ருவில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஹைஃபா இசைக்குழுவில் வாசிப்பதோடு அந்த வேலையையும் நான் பார்த்தேன். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நானும் அவரோடு ஆரஞ்சுப் பெட்டி ஏற்றியவன். ஆங்கிலம் கப்பல்காரர்களிடம் பொறுக்கியது. கிளாரினெட் அப்புறம் வந்தது.

நீங்கள் கேட்பது அர்காதியின் கடிதத்தைப் பற்றி. அமெரிக்காவிலிருந்து வந்த இசை நடத்துநர் விருந்தில் அதை வாய்தவறிச் சொல்லியிராவிட்டால் கேட்டிருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, சொல்கிறேன்.

ரஷ்யாவிலிருந்து வந்த புதிதில் அர்காதி எங்கள் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தான். விளக்குமாற்றுக் கம்பின்மேல் அவன் விரல்கள் ஓடுவதைப் பார்த்தேன். கிளாரினெட் விரல்கள். வீட்டுக்குக் கூட்டிவந்து சூப் கொடுத்தேன், மொழி சொல்லிக்கொடுத்தேன், குழுவில் தற்காலிகமாக மூன்றாம் கிளாரினெட்டாகச் சேர்த்துவிட்டேன். நான் இரண்டாவது. முதல் நாற்காலிக்காரர் எப்போது ஓய்வு பெறுவார் என்று பல வருடமாகக் காத்திருந்தவன்.

ஓய்வு பெற்றார். தேர்வு வைத்தார்கள். திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும். யார் என்று நடை காட்டிக்கொடுக்காதபடி கம்பளம் விரித்திருப்பார்கள். அன்று பாலைவனக் காற்று. அர்காதியின் ரீட், வாயில் வைக்கும் அந்த நாணல் துண்டு, காய்ந்து வெடித்துவிட்டது.

"அண்ணே, ஒண்ணு இருந்தா குடுங்கண்ணே. நான் சும்மா பழக்கத்துக்குத்தான் வாசிக்கறேன். அது உங்க நாற்காலி."

என்னிடம் இருந்ததிலேயே நல்லதைக் கொடுத்தேன். அதில் ஊதித்தான் அவன் ஜெயித்தான்.

அடுத்த ஒத்திகையில் டிரம் வாசிக்கும் ரஹமீம் எல்லார் முன்னாலும் கேட்டான்: "என்ன எல்கானா, மறுபடியும் ரெண்டாந்தாரமா?" எல்லாரும் சிரித்தார்கள். அர்காதியும் சிரித்தான்.

பிறகுதான் அமெரிக்கக் குழு ஒன்று முதல் கிளாரினெட்டுக்கு ஆள் தேடியது. அர்காதி விண்ணப்பித்தான். இங்கே அவன் வகிக்கும் இடம் எது என்று நிர்வாகம் எழுதித் தர வேண்டும். எதற்காகப் போகிறான் என்பதை என்னிடம் மட்டும் சொன்னான். மகள் லூபாவுக்கு இதயத்தில் கோளாறு. அந்த ஊரில் அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. குழுவில் சேர்ந்தால் குடும்பத்துக்கே வைத்தியம் அவர்கள் செலவு.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கண்ணே. நோயாளிப் புள்ளையோட வர்றான்னு தெரிஞ்சா எடுக்க மாட்டாங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. நம்பிச் சொன்னதை வெளியே விடும் வழக்கம் எனக்கு இல்லை.

மேலாளர் ஹீப்ருவில் சரியாகத்தான் எழுதியிருந்தார்: முதல் கிளாரினெட், நிரந்தரம். நான் ஆங்கிலத்தில் எழுதினேன்: மூன்றாம் கிளாரினெட், தற்காலிகம். ஒரு காலத்தில் அது உண்மைதானே. மேலாளர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அர்காதிக்கு ஆங்கிலம் தெரியாது. உறையை நாவால் நனைத்து அவனே ஒட்டினான்.

"உங்க கைராசிண்ணே" என்றான்.

முதல் நாற்காலியில் அமர்ந்தவர்களை மட்டுமே அழைப்போம் என்று பதில் வந்தது. என்னிடம்தான் வாசிக்கக் கொண்டுவந்தான். இடம் நிரம்பிவிட்டதாம் என்று சொன்னேன். அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

வசந்தத்தில் லூபா போய்விட்டாள். எங்கள் வழக்கப்படியான ஏழு நாள் துக்கத்திலும் நான்தான் அவித்த முட்டையும் பருப்பும் கொண்டுபோனேன். என் தோளில் சாய்ந்து, "எனக்கு உங்கள விட்டா யாருண்ணே" என்றான். அப்புறம் வாசிக்க உட்கார்ந்தால் அவனால் மூச்சைப் பிடிக்க முடியவில்லை, உதடு நடுங்கியது. கிளாரினெட்டை வைத்துவிட்டான். முதல் நாற்காலிக்கு நான் வந்தேன். நான் கேட்டு வாங்கியதல்ல.

ஆம், தெரிந்தேதான் எழுதினேன். அந்தப் பெண்ணுக்கு அதிக நாள் இல்லை என்பதும் தெரியும். குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த ரீட்டை அவன் இன்றுவரை எனக்குத் திருப்பித் தரவில்லை.