வெயிலில் கலையாத சுழி

உங்க ஸ்டேஷன் மேசையிலயும் கரிசத் தூசி படிஞ்சிருக்கு சார். தப்பா எடுத்துக்காதீங்க, தூசியோட மல்லுக்கட்டியே பழகிட்டேன், எங்க போனாலும் கண்ணு அங்கதான் போகுது. ஆடிக் காத்து அடிக்கிற மாசத்துல அருப்புக்கோட்டையில காந்த ஆராய்ச்சி பண்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. அளக்குற அறையோட ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டிருவோம். ஒருத்தர் உள்ள போனதும் கதவைச் சாத்தி, வெளியில இருக்கிறவுக கீழ் இடுக்குல ஈரத் துண்டு வைக்கணும். எங்க கல்லூரியில அது வழக்கம்.

நான் ராஜகுரு, அங்க இயற்பியல் பேராசிரியர். அப்பாவுக்கு பஜார்ல நூல் கடை. கடையில உக்காராம இரும்பைக் கட்டிக்கிட்டு அழுறான்னு வீட்டுல இன்னமும் கிண்டல் பண்ணுவாக. காந்தத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அம்பு இருக்குன்னு வச்சுக்கங்க. சில உலோகப் படலத்துல அந்த அம்பெல்லாம் சேந்து சுழி போட்டு நிக்கும், மாட்டு நெத்தியில இருக்குமே, அந்த மாதிரி. சீவி விட்டாலும் போகாது. ஒரு சுழியை ஒரு எழுத்தா வச்சுக்கலாம். துளியூண்டு கரண்டுல நகத்தலாம், கரண்டு நின்னாலும் அழியாது. நாளைக்கு உங்க செல்போனோட ஞாபகமெல்லாம் அதுல இருந்தாலும் இருக்கும். வெளிநாட்டுக்காரவுக சூடு தாங்குற சுழியே பண்ணிட்டாக. என் படலத்துல அது குளுருல மட்டும்தான் நின்னுச்சு.

நம்ம ஊரு வெயில்லயும் சுழி கலையலைன்னு ஆராய்ச்சிக் கட்டுரையில நான் எழுதிட்டேன். போட்ட படம் குளுருல எடுத்தது. கொஞ்ச நாள்ல நெசமாவே வந்துரும்னு நம்பித்தான் போட்டேன் சார். வரல. அதுக்குள்ள பாராட்டு விழா நடந்துருச்சு, பேப்பர்ல போட்டோ வந்துருச்சு, அப்பா அதை வெட்டிக் கடைக் கண்ணாடியில ஒட்டிட்டாக. அதுக்கப்புறம் எந்த வாயால இல்லைன்னு சொல்றது.

மாரிக்கனி என்கிட்ட ஆராய்ச்சி பண்ணின புள்ளை. திருச்சுழி பக்கத்துக் கிராமம். அப்பா பூமிநாதன், மானாவாரியில மிளகா போடுறவரு. சேத்துவிட வந்தப்ப, "எங்க ஊருப் பேருலயே சுழி இருக்கு சார், எம்புள்ளை வேற எதைப் படிக்கும்"னு சிரிச்சாக. நல்ல மனுசன்.

அந்தப் புள்ளை என் படலத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப அளந்துச்சு. குளுருல சுழி இருக்கு, சூடு ஏறினாக் காணோம். என்கிட்ட வந்து அழுதுச்சு. "நான்தான் சார் எங்கயோ தப்புப் பண்றேன். படலத்தைச் சென்னை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாப்பமா? அவுக அளந்து சொன்னா என் தப்பு எங்கன்னு தெரிஞ்சிரும்"னுச்சு. அனுப்பினா என் பொய் சந்திக்கு வந்துரும். என்மேல சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தாக்கூடத் திட்டி வெரட்டியிருப்பேன். இப்படி நம்புற புள்ளைய என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க. பயந்துட்டேன் சார்.

"தூசிம்மா"ன்னேன். "படலத்துல தூசி உக்காந்திருக்கு, அதான் சுழி தெரியல. எல்லாத்தையும் நல்லா அடைச்சிட்டு ஒரு தடவை அள. அப்புறம் சென்னைக்கு அனுப்பலாம்." நம்ம பக்கம் எது கெட்டுப்போனாலும் தூசின்னு சொன்னா நம்பிருவாக. சொல்லி முடிக்கையில நானே பாதி நம்பிட்டேன்.

அளக்கையில மொதல்ல படலத்தைக் குளுர வைக்கத் திரவ நைட்ரஜன் ஊத்தணும், அப்புறம்தான் சூடு ஏத்துறது. அது ஆவியாகி அறையை நெறைச்சா மூச்சுக்காத்து கொறைஞ்சிரும். நெறமும் கிடையாது, வாசமும் கிடையாது, ஆளு அப்படியே சாஞ்சிர வேண்டியதுதான். அதுக்குத்தான் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடணும், செவுத்துல ஒரு அலாரமும் உண்டு. அன்னைக்கு மத்தியானம் ஃபேனை நிறுத்தச் சொன்னது நான்தான், அது இழுக்குற இழுப்புலதான் இடுக்கு வழியாத் தூசி உள்ள வருது. அலாரத்தோட பேட்டரியைக் காலையிலயே கழட்டி வச்சிருந்தேன், சும்மா சும்மா கத்தி வேலையைக் கெடுக்கும். பெரிய நைட்ரஜன் கேனையே உள்ள வச்சுக்கம்மா, அடிக்கடி கதவைத் தொறக்க வேண்டாம்னேன். "சரி சார், நீங்க துண்டு மட்டும் நல்லா வச்சு விட்டுருங்க"ன்னுட்டு உள்ள போச்சு.

எல்லாமே சின்னச் சின்ன விசயம்தான். சுழியிலயும் அப்படித்தான் சார். ஒரு அம்புக்கும் பக்கத்து அம்புக்கும் கொஞ்சூண்டுதான் சாய்வு. ஓரத்துல நிமுந்து நிக்கும், நடுவுல பாத்தாத் தலைகீழா நிக்கும். எந்த அம்புல திரும்புச்சுன்னு கைகாட்ட முடியாது. எப்ப முடிவு பண்ணினீங்கன்னு நீங்க கேக்குறீக, எனக்கும் தெரியல.

வராந்தாவுல நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். உள்ள ஸ்டூல் விழுந்த சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சுப் போய்க் கைப்பிடியைத் தொட்டேன். இப்பத் தொறந்தா தூசி போயிரும், அந்தப் புள்ளை பட்ட பாடெல்லாம் வீணாப்போயிருமேன்னு தோணுச்சு. திரும்ப வந்து உக்காந்துட்டேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல பூமிநாதன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உங்களுக்கும் எம்புட்டு வேதனையா இருக்கும் சார்"னாக. நான் அழுதேன். அது நடிப்பு இல்ல.

எல்லாரும் விபத்துன்னு சொல்லிட்டாக. நீங்க ஒருத்தர்தான் துண்டைப் பத்திக் கேக்குறீக. அந்த வெயில்லயும் காத்துலயும் எப்பவோ காஞ்சிருக்க வேண்டிய துண்டு, ஆளுக வந்து கதவைத் தொறக்கையில எப்படிச் சொட்டச் சொட்ட இருந்துச்சுன்னு. காஞ்சுதான் போயிருந்துச்சு சார். ஸ்டூல் விழுந்த பெறகுதான் பாத்தேன். குழாயில நனைச்சுட்டு வந்து, இடுக்கு தெரியாம நல்லா அழுத்தி வச்சேன். அந்தப் புள்ளை கடைசியா என்கிட்ட கேட்டது அதைத்தானே.