தொடையெலும்பில் ஒரு தீவு

கமலம்: ...போன் அடிச்சா எடுக்கிறதில்ல. மெசேஜ் போட்டா நீல டிக் விழுது, பதில் இல்ல. சித்தியைப் பார்க்கலாம்னு ஆஸ்பத்திரிக்கு வந்தா, லிஃப்டுலேர்ந்து நீ இறங்கி வர்ற.

ஷபானா: மெதுவா பேசு கமலம். ஆஸ்பத்திரி கோப்பிக்கடையே நம்மளப் பார்க்குது.

கமலம்: பார்க்கட்டும். புக்கிட் மேரா கிளப்புல வாராவாரம் என்கூட ஜோடியா பேட்மிண்டன் ஆடினவ, ஏன் திடீர்னு காணாம போனான்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.

ஷபானா: முட்டி வலின்னு சொன்னேனே.

கமலம்: முட்டி வலிக்கு ஆட்டத்தை விடலாம். சிநேகிதியையுமா விடுவாங்க?

ஷபானா: தேத்தண்ணி ஆறுது, குடி.

கமலம்: பேச்சை மாத்தாத.

ஷபானா: ...முதல்ல முட்டிதான் லா. படி இறங்கினா கடக் கடக்னு சத்தம். பாலிகிளினிக்ல எக்ஸ்ரே எடுத்தாங்க. ரெண்டு எலும்பு சேர்ற இடத்துல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்காம், அது கொஞ்சம் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான்னாங்க.

கமலம்: இந்த வயசுல தேயாம? என் கனத்துக்கு எனக்கு மெத்தையே கிழிஞ்சிருக்கும்.

ஷபானா: ஆனா அதே படத்துல... முட்டிக்கு மேல, தொடையெலும்புக்குள்ள, வெள்ளையா ஒரு புள்ளி.

கமலம்: என்ன புள்ளி?

ஷபானா: பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்கன்னு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்ல. எங்க உம்மாவுக்கும் இடுப்பெலும்புலதானே அந்த நோயைக் கண்டுபிடிச்சாங்க.

கமலம்: ம்... தெரியும்.

ஷபானா: எலும்புன்னா வீட்டுத் தூண் மாதிரி, சும்மா நம்மள நிமிர்த்தி வைக்கும்னுதான் நினைச்சிருந்தேன். படிச்சுப் பார்த்தா, ரத்தம் ஊறுறதே அதுக்குள்ளதானாம். சுண்ணாம்புச்சத்தைச் சேர்த்து வச்சு, உடம்பு கேட்கிறப்ப எடுத்துக் குடுக்குமாம். பழசை அரிச்சு எடுத்துட்டு, புதுசா கட்டிக்கிட்டே இருக்குமாம். அப்படி ஒரு இடத்துலயே கோளாறுன்னா... நினைக்க நினைக்க யார் போனையும் எடுக்கத் தோணல.

கமலம்: என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல.

ஷபானா: கூப்பிட்டா நீ அழுவ. நீ அழுதா, அது நிஜம்னு நான் நம்பிடுவேன்.

கமலம்: நான் எதுக்கு அழப் போறேன்?

ஷபானா: தோ பாயோ டீம்கிட்ட தோத்ததுக்கே அழுதவ நீ.

கமலம்: அது கண்ணுல வேர்வை. ...சரி, இன்னிக்கு என்ன சொன்னாங்க? சீக்கிரம் சொல்லு.

ஷபானா: ஒண்ணுமில்லயாம்.

கமலம்: ஒண்ணுமில்லன்னா?

ஷபானா: அந்த இடத்துல மட்டும் எலும்பு கொஞ்சம் கெட்டியா இருக்காம். சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கும், ஒண்ணும் செய்யாது, மருந்தும் வேணாம்னாரு டாக்டர். அதுக்கு ஒரு பேர் இருக்கு கமலம். எலும்புத் தீவு.

கமலம்: தீவா?

ஷபானா: தீவுதான். படத்துல காட்டினாரு. சாம்பல் நிறக் கடல் நடுவுல வெள்ளையா, குட்டியா, நம்ம ஊர்த் தீவு மேப் மாதிரியே.

கமலம்: நாம இருக்கிற தீவுலயே இடம் பத்தாம ஜனங்க வீட்டுக்குக் காத்துக் கிடக்கிறாங்க. உனக்கு மட்டும் தொடைக்குள்ள தனியா ஒண்ணு.

ஷபானா: சிரிக்க வைக்காத... தே மூக்குல ஏறுது.

கமலம்: ஏறட்டும். நல்லா சிரி.

ஷபானா: வேற ஒண்ணுமில்லையே, வேற ஒண்ணுமில்லையேன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில அந்த மனுஷன் எழுந்து கதவைத் திறந்து விட்டுட்டாரு.

கமலம்: முட்டிக்கு?

ஷபானா: தொடைத் தசைக்கு பலம் ஏத்தணுமாம், பயிற்சி குடுத்திருக்காங்க. மூட்டுக்குள்ள வழவழன்னு ஒரு திரவம் இருக்காம், அசைச்சாத்தான் அது எல்லா இடத்துக்கும் போகுமாம். பயந்துக்கிட்டு உட்கார்ந்தே இருந்தா இறுகிடும்னாரு. பயிற்சி செஞ்சு பலம் வந்ததும் ஆடலாம். குதிக்கிறதை மட்டும் குறைக்கணும்.

கமலம்: நீ எப்பக் குதிச்ச? முன்னால நின்னுக்கிட்டு ‘கமலம், கமலம்’னு கத்துவ. ஓடுறதெல்லாம் நான்தான்.

ஷபானா: ...கோவம் போச்சா?

கமலம்: இன்னும் இல்ல.

ஷபானா: சரி லா, எழுந்திரு. உன் சித்தி எந்த வார்டு? நானும் வந்து பார்க்கிறேன்.

கமலம்: உட்காரு.

ஷபானா: நேரமாச்சுன்னா உள்ள விட மாட்டாங்க கமலம்.

கமலம்: சித்தி ஆங் மோ கியோவுல அவங்க வீட்டுல நல்லாத்தான் இருக்காங்க. ...உன் மகன் ஸைஃப் எல்லாத்தையும் போன வாரமே என்கிட்ட சொல்லிட்டான். காலையிலேர்ந்து இங்கதான் உட்கார்ந்திருக்கேன். கெட்ட சேதின்னா உன் கையைப் புடிச்சுக்கணும், நல்ல சேதின்னா சண்டை போடணும்னு. லிஃப்டுலேர்ந்து சிரிச்சுக்கிட்டே இறங்கின பாரு... அப்பவே சண்டைதான்னு முடிவு பண்ணிட்டேன்.