நூற்று முப்பத்தைந்து

என் கையெழுத்து நன்றாக இருக்கும். கல்லூரியில் படித்தபோது, தோழிகளின் கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தான் 1983 சித்திரையில் என் கணவர் கந்தவேல் ஒரு காகிதக் கட்டை என்னிடம் நீட்டினார்.

"வசந்தாமணி, இதை ஒரு நோட்டுல அழகா எழுதிக் குடு. சிநேகிதனுது, திருப்பி அனுப்போணும்."

அவர் விமானி. சின்ன விமானத்திலிருந்து பெரிய ஜெட்டுக்கு மாறப் பம்பாயில் ஒரு பரீட்சை இருந்தது. நிஜ விமானத்தில் அல்ல. ஒரு கூடத்துக்குள் இரும்புக் கால்களில் நின்று ஆடும் பாவனை விமானத்தில், சிமுலேட்டர் என்பார்கள். இரண்டு முறை தோற்றால் வேலை போய்விடும். படிப்பதற்காக நாற்பது நாள் லீவில் நாமக்கல்லுக்கு வந்திருந்தார்.

மாமனாருக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. அங்கிருந்து ஒரு டிரைவர் சீட் வீட்டுக்கு வந்தது. பெயிண்டர் பெரியசாமி தகரத் தட்டில் எண்கள் எழுதி, முள் வைத்து, வேகம் காட்டும் கருவி செய்து கொடுத்தார்; லாரிக்கு எழுதிய பழக்கத்தில் நடுவே ஒரு தாமரையும் வரைந்துவிட்டார். தினமும் சாயங்காலம் என் கணவர் அந்தச் சீட்டில் உட்கார, நான் பக்கத்தில் நின்று முள்ளைத் திருப்புவேன்.

"ஏஞ் சாமி, லாரின்னா பிரேக் அடிச்சா நிக்குது. உன்ற வண்டி எப்படி நிக்கும்?" என்பார் மாமனார்.

"எறங்கற வேகம் சரியா இருந்தா நிக்குமுங்கப்பா. கூடுனா ஓடுபாதை பத்தாது. கொறைஞ்சா ஓடுபாதைக்கு முந்தியே உழுந்துரும்."

விமானத்தின் ஒவ்வொரு எடைக்கும் இறங்க ஒரு வேகம். ஐம்பது டன் என்று நான் சொன்னால் நூற்று முப்பத்தைந்து என்று அவர் சொல்ல வேண்டும். நோட்டில் நான் நூற்று இருபது என்று எழுதினேன். எல்லா வரியிலும் பதினைந்து குறைத்தேன்.

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவர் என்னோடு இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருஷம் வராது. எங்கள் குழந்தை பிறந்து மூச்சு விடாமல் போனபோது, தந்தி கிடைத்து அவர் வந்து சேர மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் பால் கட்டிய மார்போடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பெரிய ஜெட் என்றால் இன்னும் தூரம். சிமுலேட்டரில் விழுந்தால் ஒரு கீறல்கூடப் படாது என்று அவரே சொல்லியிருந்தார். யாருக்கும் தீங்கில்லாத வழியாகத்தான் பார்த்தேன்.

பம்பாயில் சிமுலேட்டருக்குள் வைத்திருந்த அச்சிட்ட அட்டையில் சரியான வேகம் இருந்தது. ஆனால் நாற்பது நாள் பழகிய கை கேட்கவில்லை. முள் நூற்று இருபதுக்கு வரும்வரை வேகத்தைக் குறைக்கும் பிடியைப் பின்னுக்கு இழுத்தது. ஓடுபாதைக்கு முன்பே தரை வந்துவிட்டது.

ஊர் திரும்பியவர் காலைக்கூடக் கழுவாமல் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். நூற்று முப்பத்தைந்து என்றுதான் இருந்தது. நான் இரண்டு நோட்டு எழுதியிருந்தேன். ஒரே மாதிரி அட்டை, ஒரே மை.

"நூத்தி இருபதுன்னுதானே படிச்சேன்?"

"இல்லீங்க. தெனமும் நாந்தானே வாசிச்சேன்? முப்பத்தஞ்சுதானுங்க."

நோட்டை வெகுநேரம் பார்த்தார். "அப்ப எனக்குத்தான் மண்டை கொழம்பிருச்சாட்டத் தெரியுது" என்றார்.

அடுத்த பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. ஒருநாள் சரியான எண்ணை வாசிப்பேன், ஒருநாள் மற்றதை. "நேத்து வேற சொன்னியே?" என்பார். நெற்றியைத் தடவிக் கொடுத்து, "கொஞ்சம் படுங்க" என்பேன். இரண்டாம் முறை, இறங்கும் நேரத்தில் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாராம். பரீட்சை வைத்தவர் கூப்பிட்டும் திரும்பவில்லையாம்.

அதன்பிறகு என்னோடுதான் இருக்கிறார். சைக்கிள்கூட ஓட்டுவதில்லை. சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறார். போன மாதம் கிணற்றுக்குள் இறங்கப் போனவரை மாமனார்தான் இழுத்து வந்தார்.

சேலத்து டாக்டர் சொன்னார்: "பிசகு எங்கே ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிச்சு அவர்கிட்ட காட்டிட்டா, ஆள் தெளிஞ்சிடுவார். உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?"

"ரோசன பண்ணிச் சொல்லு கண்ணு. உன்ற காலுல வேணும்னாலும் உழுவறேன்" என்று மாமனார் என்முன் குனிந்தார். நான் அவரைத் தூக்கி நிறுத்தினேன். தெரியாது என்றேன். தெளிந்தால் மறுபடியும் போய்விடுவாரே.

இன்று காலை வெந்நீர் அடுப்பில் முதல் நோட்டைத் தாள்தாளாகக் கிழித்துப் போட்டேன். குளிக்கக் காத்திருந்த அவர் குனிந்து பார்த்தார்.

"வசந்தாமணி, அதுல நூத்தி இருபதுன்னு எழுதியிருக்குது."

"இல்லீங்க. முப்பத்தஞ்சு."

எரிகிற தாளை அவர் இன்னொரு முறை பார்த்தார்.

"செரி" என்றார்.

எங்களைப்போல் ஒருவரையொருவர் நம்புகிற தம்பதியை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.