இன்னும் ஒருவர் அழவில்லை

மேடையில் இருக்கும் மூத்த மருத்துவர்களே, தேனி வணிகப் பெருமக்களே, பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து இந்த இரங்கல் கூட்டத்துக்குப் பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் சண்முகராஜ் பேசுகிறேன். என் கண் வாசலுக்கே ஓடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மயிலாடும்பாறையிலிருந்து இரட்டைப் பிள்ளை சுமந்த ஒரு பெண்ணை இதே வளாகத்தில் இருக்கும் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். வலி கண்டுவிட்டது. முதல் குழந்தை குறுக்கே கிடக்கிறதாம்.

அறுவை செய்ய யார் இருக்கிறார்கள்? நம் பிரசவ மருத்துவர் சொர்ணலதா அம்மையார் உயிரோடு இருந்தவரை இந்தக் கேள்வியை நாம் கேட்டதுண்டா?

தொண்ணூற்றெட்டில் மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு பெண் வந்தார். முதல் குழந்தை சுகமாகப் பிறந்தது. அடுத்தது குறுக்கே திரும்பிக் கையை வெளியே நீட்டிவிட்டது. இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் அம்மையார். மாமியார் ஜக்கம்மா ஆபரேஷன் தியேட்டர் கதவை மறித்தார்.

“ஒண்ணு தானா வந்திருச்சுல்ல தாயி! இன்னொண்ணும் வந்துரும். எதுக்கு வயித்தக் கிழிக்கிறீக?”

அம்மையார் கோபப்படவில்லை. பிறந்த குழந்தையை அவர் கையில் வைத்தார். “வந்த பிள்ளைய நீங்க பாருங்க ஆத்தா. குறுக்க கெடக்கிறத நான் கூட்டிட்டு வாறேன்.”

ஜக்கம்மா வழிவிட்டார். எடுத்த குழந்தை நீலம் பாரித்திருந்தது. நான் அதற்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மையார் தையல் போட்டபடியே, “இன்னும் ஒருத்தர் அழலை சண்முகராஜ், இன்னும் ஒருத்தர் அழலை” என்று என்னை விரட்டிக்கொண்டிருந்தார். அழுதது! அந்த இரட்டையர் அபிதாவும் விஜியும் இதோ, ஜக்கம்மாவுக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எல்லாக் குழந்தையும் பிழைத்ததா? இல்லை. பிழைக்காத நாளில் அம்மையார் காருக்குள் உட்கார்ந்து அழுததையும் பார்த்திருக்கிறேன்.

இனி இரட்டை என்றால் மதுரைக்கு அனுப்பிவிடலாம் என்கிறார்கள். மதுரை வரைக்கும் அந்தக் குழந்தை காத்திருக்குமா? எனக்குக் கோபம் வருகிறது. அம்மையாரிடம் தொழில் கற்ற டாக்டர் எப்சிபா இந்த மேடையில்தான் தலைகுனிந்து இருக்கிறார். காலையில் என்னிடம் சொன்னார்: “அம்மா எதிர்ல நிக்காம நான் கத்தி வச்சதே இல்ல சார். பயமா இருக்கு.” பயமாகத்தான் இருக்கும், எப்சிபா. அம்மையாருக்கும் கை நடுங்கும். கையுறை போட்டதும் நின்றுவிடும். பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று ஓர் உறுதிமொழி வாசிக்கச் சொன்னார்கள்... அதோ, எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் தவசி வாசலில் கைகாட்டுகிறார். வந்துவிட்டார்கள்!

டாக்டர் எப்சிபா எழுந்துவிட்டார். செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போகிறார். நான் இங்கே நின்று என்ன செய்கிறேன்? அம்மையாருக்கான மௌனத்தை நீங்கள் கடைப்பிடியுங்கள், எங்களுக்கு நேரமில்லை. வாசலை மறித்து நிற்கும் வண்டிகளை மட்டும் தயவுசெய்து எடுங்கள். அங்கே இரண்டு பேர் அழ வேண்டும்.