சித்தார்த்தின் வலது கை

குத்துச்சண்டைக்குக் கையில் சுற்றும் துணியை உச்சி வெயிலில் காயப்போடக் கூடாது மேடம், இழுவை போய்விடும். நிழலில் உலர்த்திச் சுருட்டி வைக்க வேண்டும். தென்னூர் கிளப்பில் அது என் வேலை. சம்பளம் கிடையாது, அங்கே யாருக்குமே கிடையாது. மாஸ்டர் அமிர்தராஜ் ரயில்வே வேலை முடிந்து நேராக அங்கே வந்துவிடுவார். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி வருவேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் பல வருடம் வேலை பார்த்தவள் என்பதால், பிள்ளைகளின் கைகளுக்குத் துணி சுற்றும் பொறுப்பும் என்னிடம் வந்தது.

சுற்றும்போது மற்ற பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு சும்மா நிற்பார்கள். சித்தார்த் மட்டும் பேசுவான். ஸ்கூலில் வாங்கிய திட்டு, முந்தின நாள் கனவு, எல்லாம் சொல்வான். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்தக் கொஞ்ச நேரப் பேச்சுக்காகத்தான் நான் தினமும் பஸ் ஏறினேன்.

சென்னை விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், அவனுக்கு நிச்சயம் இடம் கிடைக்கும் என்றார் மாஸ்டர். அங்கேயே தங்கிப் படிக்கலாம், பின்னால் வேலைக்கும் வழி உண்டு. கிளப்பே குதித்தது. நானும் கேசரி கிண்டி எடுத்துப் போனேன்.

மறுநாள் பயிற்சியில் அவன் வலது கையில் துணியைக் குறைத்துச் சுற்றினேன். மணிக்கட்டைத் தளர விட்டேன். மணல் மூட்டையில் ஓங்கிக் குத்தியதும் சுண்டு விரலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. வலியோடு என் தோளில் சாய்ந்து அழுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் மாஸ்டர் அவனைத் தேற்றினார். "கவலப்படாதடா, எலும்பு கூடிரும். அடுத்த தேர்வுக்குப் போயிடலாம்."

ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், நானே மாவுக்கட்டுப் போடுகிறேன் என்றேன். எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

அடுத்த நாளே அவன் வந்தான். "அக்கா, விரலெல்லாம் மரத்துப்போச்சுக்கா. நீலமா இருக்குக்கா."

"அப்படித்தான் இருக்கும் கண்ணு, பொறுத்துக்க" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அதற்கடுத்த நாளும் அதையேதான் சொன்னேன்.

தெரியாமல் செய்ததாக வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள் மேடம். விரல் நீலமானால் கட்டை உடனே வெட்டிவிட வேண்டும் என்று புது நர்ஸ்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தெரிந்துதான் இறுக்கினேன். தெரிந்துதான் பிரிக்காமல் விட்டேன். காய்ச்சல் கண்டதும் அவன் அம்மா வள்ளிக்கண்ணு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அதற்குள் சதை செத்துவிட்டது. விரல்கள் உள்பக்கம் மடங்கிவிட்டன, இனி விரியாது என்று டாக்டர் சொன்னாராம்.

அவன் இனி சென்னைக்குப் போக மாட்டான்.

வெளியே வள்ளிக்கண்ணு அழுவது கேட்கிறது. பாவம், விடிந்தால் வாழைக்காய் மண்டிக்கு ஓடுகிறவள், அவனைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு ஏது நேரம்? கவலைப்பட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள் மேடம். அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்ட நான் இருக்கிறேன்.