கண்ணாடி இல்லாத மீட்டர்

"ஹலோ... ஆமா, லாண்டரிதான்... யாரு?... ம். சொல்லுங்க தம்பி."

குரல் யாருடையது என்று தெரிந்ததுமே அவள் முகம் கோணியது. கணவரின் தம்பி. அந்த வீட்டை விட்டு அவள் வெளியே வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கோர்ட்டு, கேஸ் என்று எதுவும் கிடையாது. ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள், பிறகு இந்த லாண்டரியைத் திறந்தாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வீட்டிலிருந்து ஒரு போன் வந்ததில்லை. இன்றைக்குக் கூப்பிட்ட கொழுந்தன், எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்காமல் வால்வைப் பற்றி ஆரம்பித்துவிட்டான்.

"என்ன வால்வு?... ஓ, உங்கண்ணன் சேத்து வச்ச குப்பையா... ஆமா ஆமா, தெரியும். நல்லாத் தெரியும்."

பழைய ரேடியோக்களுக்குள் பல்பு மாதிரி எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வுகள். அவள் கணவர் அவற்றை மூட்டை மூட்டையாக வாங்கிச் சேர்த்தவர். அவற்றைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பெட்டிகள் வேறு. அலமாரியில் ஆரம்பித்தது, கட்டிலுக்கடியில் புகுந்து, கடைசியில் குளியலறைத் தொட்டிக்கே வந்து சேர்ந்தது. குளிக்கப் போனவள் காலில் கண்ணாடிச் சில்லு ஏறிய அன்றுதான் அவள் கிளம்பினாள். அதற்கு முன்னால் எத்தனையோ சாயங்காலங்கள் அவர் ஒவ்வொரு வால்வாக டெஸ்டரில் செருக, இவள் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அப்படி ஒட்டிக்கொண்ட அறிவு. தலையில் ஒட்டிய பிசின் மாதிரி, எத்தனை அலசினாலும் போகவில்லை.

கொழுந்தன் சொன்ன விஷயம் இதுதான். மாடி அறையைக் காலி செய்கிறான். மகளும் மாப்பிள்ளையும் குடிவரப் போகிறார்கள். பழைய சாமான் எடுக்கிற ஆள் சாயங்காலம் வருவான், அதற்குள் எது தேறும், எது குப்பை என்று தெரியவேண்டும்.

"அதை அவரையே கேக்கறதுதானே... எங்க போறாரு?... எந்த ஹோம்?"

இஸ்திரிக்கு எடுத்திருந்த கோட்டை அவள் மேசைமேல் போட்டாள். கொழுந்தன் விளக்கினான். அண்ணனுக்கு மூளை பிசகிவிட்டதாம். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறாராம். தண்ணீரைத் தம்ளருக்கு வெளியே ஊற்றுகிறாராம். வீட்டுக்கு வந்த சம்பந்தி எதிரே நின்று சிரித்தால், சுவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். விரலெல்லாம் சுட்ட கொப்புளம், எப்படி என்று கேட்டால் பதில் இல்லையாம். அந்த மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் இடம் பிடித்தாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கார் வரும். பையோடு வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?... வரமாட்டேன்னாரா. சரி. அவர் சாப்பாடு?... படியிலயா?... மாடிப்படியில தட்டை வச்சிட்டு வந்துடுவீங்களா... சொன்னது காதுல விழுந்துச்சு தம்பி, திருப்பிச் சொல்ல வேணாம்."

நாய்க்கு வைக்கிற மாதிரி என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள். போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். இந்தக் குடும்பத்தின் அழுக்கை இன்னும் எத்தனை நாள் துவைப்பது. ஆனால் கொழுந்தன் விடவில்லை. அண்ணி, அண்ணி என்று குழைந்தான். அந்தக் குழைவு அதைவிட அருவருப்பாக இருந்தது. சீக்கிரம் முடித்துத் தொலைக்கலாம் என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணைக் கையில எடுங்க. கண்ணாடி மேல நம்பர் இருக்கா?... தேய்க்காதீங்க. விரல் பட்டாலே அந்த எழுத்து போயிடும்... மங்கலாத்தான் இருக்கும். வாயால ஊதுங்க, மூக்குக்கண்ணாடிக்கு ஊதற மாதிரி. ஆவி படிஞ்சா எழுத்து தெரியும்... தூசியா இருந்தா என்ன, ஊதித்தான் ஆகணும்... தெரியுதா?... சரி, அது சாதாரண ரேடியோ வால்வு. உச்சியில உள்பக்கமா பாருங்க. வெள்ளிப் பூச்சு மாதிரி பளபளன்னு இருக்கா, பால் மாதிரி வெளுத்திருக்கா?"

வெளுத்திருந்தால் கண்ணாடிக்குள் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். செத்த வால்வு. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், டெஸ்டரே வேண்டாம். அவன் கையில் இருந்தது வெளுத்தது. அடுத்தது நல்லது. அதற்கடுத்தது மறுபடி வெளுத்தது.

"நல்லதும் செத்ததும் ஒரே பெட்டியிலயா?... இல்ல, அப்படி வைக்க மாட்டாரே அவரு... எல்லாப் பெட்டியிலயுமா?"

பெண்டாட்டி பசியோடு இருக்கிறாளா என்று பார்க்காத மனுஷன், நல்ல வால்வோடு செத்த வால்வைக் கலந்து வைத்தால் சண்டைக்கு வருவார். அது அவளுக்குத் தெரியும். கொழுந்தன் அதற்குள் வேறொன்றைச் சொன்னான். ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் அழுக்கு நூல் கட்டியிருக்கிறதாம். பைத்தியத்துக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்றான்.

"நூல்ல முடிச்சு இருக்கா?... எண்ணுங்க. கையில இருக்கிறதுல எத்தனை?... அதே மாதிரி இன்னொண்ணு எடுங்க. அதே மாதிரின்னா அதே உயரம், அடியில அதே ஊசிக்கால்... அதுலயும் அத்தனைதானா... குண்டா இருக்குமே, தலையில தகரத் தொப்பி வச்ச வால்வு, அதுல?... எல்லாக் குண்டு வால்வுலயும் ஒரே கணக்கா."

வாடிக்கையாளர் ஒருவர் ரசீதை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் விரலால் காத்திருக்கச் சொன்னாள்.

"டெஸ்டர் எங்க இருக்கு? சாம்பல் கலர்ப் பெட்டி, நடுவுல மீட்டர்... ஆமா, அதுதான். நம்பரைச் சுத்தித் திருகற குமிழ் இருக்கே, அங்க என்ன ஒட்டியிருக்கு?... மெழுகா. எல்லா இடத்துலயுமா, இல்ல சில நம்பருக்கு நேரா மட்டுமா?... ம்... ம்... மீட்டர் உடைஞ்சிருக்கா? எப்படி உடைஞ்சிருக்கு, விரிசலா, சில்லு சில்லாவா?... சுத்தமா இல்லையா? நாலு ஸ்க்ரூவும் கழட்டி, கண்ணாடியைத் தனியா எடுத்து வச்சிருக்கா?... அப்ப முள்ளு வெளியில இருக்கு."

கொழுந்தன் இரண்டு தடவை ஹலோ சொல்லியிருப்பான்.

அந்த முள் மயிரிழை மாதிரி இருக்கும். தூசி படக்கூடாது, காற்று படக்கூடாது என்று அதன் கண்ணாடியை அவர் யாரையும் துடைக்கக்கூட விட்டதில்லை. அதைக் கழற்றி எடுக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். முள் எங்கே நிற்கிறது என்று விரலால் தொட்டுப் பார்க்க.

"லைன்லதான் இருக்கேன்... தம்பி, உங்கண்ணனுக்கு மூளைக்கு ஒண்ணும் ஆகல. கண்ணு தெரியல."

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. மாடிப்படியில் தடுக்காமல் ஏறி இறங்குகிறாரே என்றான் கொழுந்தன்.

"அவரு பொறந்து வளர்ந்த வீட்டுப் படி அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏறுவாரு... நான் சொல்றதைக் கேளு. நம்பர் படிக்க முடியாமத்தான் நூல்ல முடிச்சு போட்டு வச்சிருக்காரு. குமிழை எந்த நம்பர்ல நிறுத்தணும்னு தடவிப் பாக்கத்தான் மெழுகு. வெளுத்தது கண்ணுக்குத் தெரியாம, ஒவ்வொண்ணா முள்ளைத் தடவித்தான் கண்டுபிடிக்கணும், அதான் இன்னும் பிரிக்காத செத்தது நல்லதோட கிடக்கு. எரியற வால்வை எரியுதான்னு தொட்டுப் பாத்தா விரல் கொப்புளிக்காம என்ன பண்ணும்?... வீட்டுல அத்தனை பேரும் ஒரே கூரைக்கடியில இருக்கீங்க. ஒரு மனுஷனுக்குப் பார்வை போறதுகூடத் தெரியாம, பைத்தியம்னு பட்டம் கட்டி மூட்டை கட்டிட்டீங்க. கேக்கவே குமட்டுது எனக்கு."

இதுவரை போட்டுவந்த 'நீங்க' எங்கே போயிற்று என்று அவளும் கவனிக்கவில்லை, அவனும் கவனிக்கவில்லை. அவனும் விட்டுக்கொடுக்காமல் பேசினான். விட்டுவிட்டுப் போனவளுக்கு இதைச் சொல்ல என்ன யோக்கியதை என்றான். கண் தெரியவில்லை என்றால் அவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்றான். அந்த இரண்டாவது கேள்வி அவளுக்கும் இருந்தது. சொன்னால் மாடியைக் காலி செய்துவிடுவார்கள் என்று பயந்து, பார்வையைவிட அந்தக் கண்ணாடிக் குப்பை முக்கியம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார். நினைக்க நினைக்க அவர் மேலும் அதே அளவுக்கு வெறுப்பு வந்தது.

"நான் விட்டுட்டு வந்தவதான். இல்லைன்னு சொல்லல... நம்ப வேணாம். ஒண்ணே ஒண்ணு செய். போனைக் கையிலயே வச்சுக்கிட்டு கீழ இறங்கு. அவருக்கு நேரா நில்லு. வாயைத் திறக்காத. சும்மா நில்லு... கார் வந்தா என்ன, வந்து நிக்கட்டும். போ."

செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. ஒரு கதவு திறந்தது. தெருவின் இரைச்சல் போனுக்குள் வந்தது. பிறகு செருப்பும் நின்றது. லாண்டரிக்குள் இஸ்திரிப் பெட்டி ஆவியைத் துப்பிக்கொண்டிருந்தது, அவள் போய் அதை அணைத்தாள்.

போனில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அதன் பின்னால் அவர் குரல். வருஷக்கணக்கில் கேட்காத குரல். எதிரே நிற்பது விடுதி டிரைவர் என்று நினைத்து, 'நீங்க' போட்டு, மரியாதையாகக் கேட்டார். வண்டி வந்துவிட்டதா, தாமதமாகிவிட்டதா, பை தயாராக இருக்கிறது, கொஞ்சம் கையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றார். தான் தூக்கி வளர்த்த தம்பியிடம்.

கொழுந்தன் விசும்புவது போனில் கேட்டது.

"அவர் பேசினது எனக்கும் கேட்டுச்சு... அழுது என்ன ஆகப்போகுது. வாயைத் திறந்து நீ யாருன்னு சொல்லு அவர்கிட்ட."

அண்ணா என்று அவன் கூப்பிட்டது கரகரப்பாகக் கேட்டது. அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று தெரியவில்லை. துணி உரசும் சத்தம், பை கீழே விழும் சத்தம். அவள் காத்திருந்தாள். ரசீதுக்காரர் இன்னொரு நாள் வருவதாகக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

"ம், இருக்கேன்... வர்ற காரைத் திருப்பி அனுப்பாத. அதுலயே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் கடையைச் சாத்திட்டு நேரா அங்க வந்துடறேன்... ஆமா, வர்றேன்னுதான் சொன்னேன்... அந்தச் சாமான்காரனை வரவேணாம்னு சொல்லு. மாடியில ஒண்ணையும் தொடக்கூடாது. மாப்பிள்ளையை வேற வீடு பாக்கச் சொல்லு... வேணாம், அவர்கிட்ட குடுக்காத. எனக்குத் திட்டத்தான் வரும். குடுக்காதன்னு சொல்றேன்ல..."

கொடுத்துவிட்டான். தயங்கித் தயங்கி மூச்சு விடும் சத்தம் கேட்டது. பேச்சைத் தொடங்கும்முன் அவர் அப்படித்தான் விடுவார்.

"ஆமா, நான்தான்... ஆஸ்பத்திரிக்கு வர்றேன். அங்க டாக்டர்கிட்ட எதையும் மறைக்காம சொல்லுங்க, எப்பலேருந்து தெரியல, எந்தக் கண்ணு முதல்லன்னு... என்னது?... டெஸ்டரா? அதை யாரும் அசைக்கல, அங்கயேதான் இருக்கு... முள்ளு வளைஞ்சிருக்காது, நல்லாத்தான் இருக்கும்... கண்ணு போயிருக்கு உங்களுக்கு. இத்தனை வருஷம் கழிச்சு என் குரலைக் கேக்கறீங்க. முதல் கேள்வி அதுதானா? ச்சீ. பேசாம கார்ல ஏறுங்க."

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் போனை வைத்தாள்.